உட்காராத வால்வு

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், தகரக் கூரை போட்ட பட்டறை. என் புல்லட்டை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தார் மெக்கானிக் அண்ணன். "இன்ஜின் ராத்திரி பூரா ஆறணும் தம்பி. சூட்டுல பார்த்தா டேப்பட் சரியா தெரியாது."

அப்பா ஓட்டிய வண்டி. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்ததன் வழியே திருவொற்றியூரில் உருவாகிவந்த பழைய வார்ப்பிரும்பு இன்ஜின். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90, மொத்தம் 346 சிசி. நாலு மாதம் முன்பு வேறோர் இடத்தில் போரிங் போட்டு, பிஸ்டன், வால்வு எல்லாம் புதிதாக மாற்றினேன். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. சூடானால் நின்றுவிடும், சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும்.

அண்ணன் ஸ்பேனரைத் தொடவில்லை. கிக்கரைக் கையால் அழுத்தினார். சும்மா இறங்கியது. "மூச்சே இல்லயே." டீகம்ப்ரஸர் கேபிளைப் பார்த்தார். அது இறுகியிருந்தாலே எக்ஸாஸ்ட் வால்வு தூக்கிக்கொண்டு நிற்கும், அதில் குறையில்லை. பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, மறுபடி பூட்டி மிதித்தார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் சந்தை அடைத்து கிக்கர் கெட்டிப்படும். படவில்லை.

அப்படியானால் வால்வு. எந்த வால்வு? பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளை வழியே காற்று ஏற்றினார். கார்புரேட்டர் பக்கம் சத்தமில்லை. சைலன்சர் வாயில் உஸ்ஸென்றது. உள்ளங்கையை வைத்தேன், காற்று பட்டது.

அடுத்து டேப்பட் மூடியைத் திறந்தார். "விரலால சுத்திப் பாருங்க." இன்டேக் புஷ்ராடு சுழன்றது. எக்ஸாஸ்ட் ராடு அசையவே இல்லை. இந்த இன்ஜினுக்கு அளவுத்தகடு வேண்டாம். ஆறிய நிலையில், கம்ப்ரஷனில் பிஸ்டன் மேலே இருக்கும்போது, ராடு விரலுக்குச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான்.

ஹெட்டை இறக்கியதும் எக்ஸாஸ்ட் வால்வைத் துடைத்து என் கையில் கொடுத்தார். சீட்டில் படியும் விளிம்பு சுற்றிலும் ஒரே சாம்பல் நிற வளையமாக இருக்க வேண்டும். பாதி அப்படித்தான் இருந்தது. மீதியில் வளையம் கறுத்து, ஓரிடத்தில் நகக்கண் அளவு அரித்துப் போயிருந்தது. நகத்தை ஓட்டினால் சிக்குகிறது.

காரணம் எளிது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. புது வால்வு ஓட ஓட சீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கினால் டேப்பட் இறுகும். வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வின் சூட்டில் பெரும்பகுதி சீட்டைத் தொடும் நேரத்தில்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. தொடாவிட்டால் வால்வு பழுக்கும். கிடைத்த சந்தில் எரியும் வாயு பீறிட்டு உலோகத்தையே தின்றுவிடும்.

வால்வு கைடும் தளர்ந்திருந்தது. புது வால்வும் கைடும் ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். லேத்தில் கைடு மாற்றி, சீட்டை 45 டிகிரியில் வெட்டினார்கள். கைடு மாற்றினால் சீட்டையும் வெட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நடு ஒத்துவராது. பிறகு பேஸ்ட் தடவி, ரப்பர் குச்சியால் அண்ணன் வால்வைத் தேய்த்தார். கரகர என்ற சத்தம் மெல்ல மெல்ல வழவழவென்று ஆனது. அந்தக் கைப்பக்குவத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பேஸ்டை ஒரு பொட்டுகூட விடாமல் கழுவி, வால்வு பூட்டி, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார். கால் மணி நேரம் கழித்தும் ஒரு சொட்டு கசியவில்லை.

வண்டி இரண்டாவது மிதியில் எழுந்தது. "500 கிலோமீட்டர்ல வாங்க, டேப்பட் பார்க்கணும்" என்று டேங்க் மேலேயே சாக்பீஸால் எழுதிவிட்டார்.

இன்ஜின் வேலை முடித்து வண்டி எடுக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: 500 கிலோமீட்டரில், ஆறிய இன்ஜினில், டேப்பட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. நான் தவறவிட்டதற்கு ஒரு வால்வும் மூன்று நாளும் போயின.