ஓய்வும் நம் உரிமைதான்

சென்ற மாதம் ஒரு வார இறுதியில் வால்பாறையில் கூடாரத்தில் தங்கினோம். மெத்தை, கம்பளி, வெந்நீர் எல்லாம் இருந்தன. சும்மா ஊர் பார்க்க மலையேறியது எங்களில் பலருக்கு அதுதான் முதல்முறை.

விடிந்ததும் சிங்கவால் குரங்குகள் பலாப்பழத்தைப் பிய்த்துத் தின்பதைப் பார்த்தோம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத குரங்கு. இருவாச்சி ஒன்று இறக்கை இரையத் தலைக்குமேல் போனது. அடையாளம் காட்டியவர் காடர் பழங்குடித் தம்பி ஒருவர்.

தேயிலைச் சரிவில் நடக்கும்போது ஒரு தோழி பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பாட்டி இங்கே கொழுந்து பறித்தவர். கங்காணியின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு மலையேறியவர்களில் பெரும்பாலோர் நம் சனம். பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’ நாவல், தமிழில் ‘எரியும் பனிக்காடு’, அவர்கள் கதைதான்.

இரவு தேநீர் குடிக்கையில் அவரே கேட்டார்: “பாட்டி பாடுபட்ட மலையில நாம சொகுசா தங்குறது சரியா தோழர்?”

ஆலைத் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் விடுமுறை தரும் சட்டத் திருத்தம் 1945இல் வந்தது. கொண்டுவந்தவர் அண்ணல் அம்பேத்கர். தோட்டத் தொழிலாளருக்கோ 1951 சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாட்டிக்குக் கிடைக்காத ஓய்வை நாம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் லைன் வீடுகளைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்று முடிவு செய்தோம்.

மறுநாள் ஒரு லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினோம். அந்த அம்மா கேட்டார்: “லீவுக்கு வந்தீங்களா கண்ணு? நல்லா இருந்துட்டுப் போங்க.”