அத்தையின் வாக்கிங் கணக்கு

டில்லியில் எந்தக் காலனி பார்க்குக்கும் காலை ஆறரை மணிக்குப் போய்ப் பாருங்கள். பாதிப் பேர் சுகர் பேஷண்ட், மீதிப் பேர் டாக்டர்! :-) "தினம் ஒரு மணி நேரம் நடங்க, பாகற்காய் ஜூஸ் குடிங்க, ஊசியே வேண்டாம்" என்று யாராவது ஒரு ஆண்ட்டி கிளாஸ் எடுத்துக்கொண்டிருப்பார்.

எங்கள் அத்தைக்கும் இந்த கிளாஸ் நடந்தது. வயது 68. ஆனால் அவருக்கு இருப்பது டைப் 1, பத்தொன்பது வயதில் வந்தது. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து ஊசி போட்டுக்கொண்ட காலம் அது. அதனாலேயே கல்யாணம் கூடி வரவில்லை. மதுரையில் டீச்சராக இருந்து ரிடையராகி, இப்போது எங்களோடு இருக்கிறார்.

அடியேன் படித்தது பி.காம். தெரிந்தது டெபிட், கிரெடிட். அப்படிப் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடுகிறது. நாம் நடந்தால் தசைகள் சர்க்கரையை இழுக்கும், உடனே கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். டைப் 1-இல் இன்சுலின் ஊசி வழியாக உள்ளே போயாயிற்று. பாதி நடையில் "கொஞ்சம் திருப்பிக் கொடு" என்று கேட்க முடியாது. சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும்.

அதோடு முடியவில்லை. செலவழிந்த சர்க்கரையைத் தசைகள் நிரப்பிக்கொள்வதால் 24 மணி நேரம் வரைகூட இறக்கம் இருக்கலாம். பகலில் போட்ட செக், ராத்திரி பாஸ் ஆகிற மாதிரி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நீண்ட வாக்கிங், சாயங்காலம் ஆர்.கே.புரம் மலை மந்திர் படிகள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்த அத்தை, சுவரைப் பிடித்துக்கொண்டு என்னவோ குழறினார். மீட்டரில் 48. என் மனைவி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. வியர்வையும் இல்லை, கை நடுக்கமும் இல்லை. பல வருஷம் ஆனால் அந்த அலாரம் மங்கிவிடுமாம். இந்த வயதில் விழுந்தால் இடுப்பு எலும்பு என்ன ஆகும்? டைப் 1 உள்ள பெண்களுக்கு எலும்பு முறிவு அபாயம் ஏற்கெனவே அதிகம்.

சரி, வாக்கிங்கை நிறுத்திவிடலாமா? கூடாது என்றார் டாக்டர். இதயத்துக்கும் எலும்புக்கும் அது வேண்டும். கணக்குப் பார்த்து நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

2017-இல் உலக நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிமுறைப்படி, கிளம்பும்போது பெரும்பாலும் 126 முதல் 180 வரை இருப்பது நல்லது. 90-க்குக் கீழே இருந்தால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, ஏறிய பிறகுதான் நடை. 270-க்கு மேல் என்றால் முதலில் கீட்டோன் டெஸ்ட். காலையில் இன்சுலினுக்கும் டிபனுக்கும் முன்னால் நடந்தால் இறக்கம் குறைவு. லேசான எடை தூக்கும் பயிற்சியிலும் அப்படித்தான், எலும்புக்கும் நல்லது. அதிகம் நடந்த நாளில், படுக்கும் முன் ஒரு டெஸ்ட்.

கையில் ஒட்டும் சென்சாரும் இருக்கிறது. அமெரிக்காவில் 60 வயது தாண்டிய டைப் 1 காரர்கள் 203 பேரிடம் நடத்திய ஆய்வு 2020-இல் வந்தது. சென்சார் போட்டவர்களுக்கு, சர்க்கரை 70-க்குக் கீழே கிடந்த நேரம் தினம் 73 நிமிடத்திலிருந்து 39 நிமிடமாகக் குறைந்தது. விலைதான் கொஞ்சம் கடிக்கிறது.

இப்போது அத்தையின் இடுப்பில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம். "ஏண்டா, வெத்தலைப் பெட்டி வச்சுக்கற வயசுல இதை வச்சுக்கறேன்" என்று சிரிக்கிறார்.

வெளியூரில் இருந்துகொண்டு ஊரிலிருக்கும் அம்மாவிடமும் அத்தையிடமும் "வாக்கிங் போனீங்களா?" என்று போனில் கேட்கிறோம் இல்லையா? அவர்களுக்கு டைப் 1 என்றால் இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள்: "கிளம்பறதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்தது?"

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பேங்க் ஆபீசர். ஊசியின் அளவை மாற்றுவதை உங்கள் டாக்டரிடம் மட்டுமே கேளுங்கள்.