துருவின் மேல் பெயிண்ட்

'கொக்கியை மாட்டாமல் தொங்கினார், அதனால் விழுந்தார்.' பெயிண்டிங் கான்ட்ராக்டர் தாக்கல் செய்த பதிலுரையின் சாரம் இவ்வளவுதான். இறந்தவருக்கு 30 வயது. திருவான்மியூர் கடற்கரையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்திருந்த பலகை சரிந்து ஆறாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு பெல்ட்டிலிருந்து இன்னொரு கயிற்றில் மாட்டும் கொக்கிதான் அந்த நேரத்தில் அவரைத் தாங்கியிருக்க வேண்டும்.

இழப்பீடு கிடைப்பதற்கு இந்தத் தகராறே தேவைப்படவில்லை. அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த மரணத்துக்கு யார் தவறு என்று கேட்கவில்லை. பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே ஒதுக்கினார் என்ற எதிர்வாதம் 3-ஆம் பிரிவில் இருந்தது. ஆனால் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அது பொருந்தவில்லை. இறந்தவரின் மனைவிக்கு நான்தான் வழக்கறிஞர். அவரிடம் இதை விளக்கிச் சொன்னேன். அவர், "பணம் வரும்னு புரியுது சார். ஊர்ல எல்லாரும் அவர் மேலதான் தப்புங்கறாங்க. மாட்டாம தொங்குற ஆள் இல்ல அவர். அதை எழுதி வாங்கிக் குடுங்க" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கொக்கிதான் எனக்கு வழக்கு.

சான்றுப்பொருட்களை வரவழைக்க அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, வழக்கை விசாரித்த இழப்பீட்டு ஆணையருக்கு அதிகாரம் தந்தது. மனு போட்டேன். முத்திரையிட்ட உறையில், போலீஸார் கைப்பற்றிய அன்றே கட்டிவைத்தபடி, கொக்கி ஆணையரின் தேனாம்பேட்டை அலுவலகத்துக்கு வந்தது. இரும்புக் கேரபினர். அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் ஸ்பிரிங் விசையில் தானாக மூடிக்கொள்ள வேண்டிய தாழ், விரல் நுழையும் அளவுக்குத் திறந்தபடியே நின்றது. கீல் ஆணியைச் சுற்றித் துரு பொரிந்திருந்தது. தாழை இறுக்கும் திருகு வளையம் அசையவே இல்லை.

கான்ட்ராக்டரைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"சாதனங்களை எப்போது பரிசோதிப்பீர்கள்?"

"டெய்லி, வேலைக்கு முன்னாடி."

"எப்படி?"

"கண்ணால பார்ப்போம்."

"தாழை அழுத்தி விட்டுப் பார்ப்பீர்களா?"

பதில் இல்லை. கொக்கியைக் கையில் கொடுத்து, அழுத்திக் காட்டச் சொன்னேன். அழுத்தினார், விட்டார், தாழ் திரும்பவில்லை. அவருடைய வழக்கறிஞர் உடனே எழுந்து, துரு காவல் நிலையத்தில் கிடந்தபோது பிடித்தது என்றார். நியாயமான ஆட்சேபம்தான். சென்னைக் காற்றில் இரும்பு எங்கே கிடந்தாலும் துருப்பிடிக்கும்.

ஆனால் கீலின் மேல் வெளிர்பச்சைப் பெயிண்ட் தெறித்துக் காய்ந்திருந்தது. அந்தக் கட்டடத்துக்கு அடித்த அதே நிறம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்குமாறு ஆணையரைக் கேட்டுக்கொண்டேன். பெயிண்ட் துருவின் மேல் படிந்திருந்தது. துருவின் மேடுபள்ளமெல்லாம் அதில் தெரிந்தது. ஒரு துளியை நகத்தால் பெயர்த்தபோது அடியில் பளபளப்பான இரும்பு இல்லை, பழுப்புத் துருதான். உறைக்குள் யாரும் பெயிண்ட் தெறிக்கவில்லை. ஆகவே விழுவதற்கு முன்பே, பெயிண்ட் தெறிப்பதற்கும் முன்பே, துரு அங்கே இருந்தது. பக்கத்துக் கயிற்றில் தொங்கிய வேலையாளும், "மாட்டினான் சார், நான் பார்த்தேன்" என்று உறுதியாகச் சாட்சி சொன்னார். மாட்டியிருக்கிறார், வாய் மூடாத கொக்கியிலிருந்து கயிற்றுக் கண்ணி நழுவியிருக்கிறது.

கயிறு வேலையில் பயிற்சி பெற்ற ஒருவரையும் விசாரித்தோம். மேலோட்டமான துருவைத் துடைத்து எண்ணெய் விடலாம், குழி விழுந்த துருவோ திரும்பாத தாழோ இருந்தால் அந்தக் கொக்கி வேலைக்கு உதவாது என்றார். மலையேறுவோர் வைத்திருக்கும் கேரபினரில் மூடிய நிலைக்கு 20 கிலோநியூட்டன், திறந்த நிலைக்கு 7 என்று பொறித்திருப்பதைக் காட்டி, திறந்த வாய் எவ்வளவு பலத்தைத் தின்றுவிடும் என்று விளக்கினார். ஐரோப்பியத் தரம் இ.என். 365, விழுவதிலிருந்து காக்கும் சாதனங்களைத் தகுதியுள்ளவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது பரிசோதித்துப் பதிவு செய்யச் சொல்கிறது. கான்ட்ராக்டரிடம் அப்படி ஒரு பதிவேடே கிடையாது. 

அப்போது சட்டம் கணக்கில் கொண்ட மாதச் சம்பள உச்சவரம்பு 8,000 ரூபாய். அதில் பாதியை 30 வயதுக்குரிய காரணியான 207.98 ஆல் பெருக்கி, 8,31,920 ரூபாயும் 12 சதவீத வட்டியும் வழங்க உத்தரவாயிற்று. இறந்தவர் கொக்கியை மாட்டியிருந்தார், கொக்கி பழுதாக இருந்தது என்று ஆணையர் தனிப் பத்தியில் எழுதினார். அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலை மட்டும் அந்த அம்மா கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உங்கள் குடியிருப்பில் கயிறு கட்டிப் பெயிண்ட் அடிக்க ஆட்கள் வந்தால், மொட்டை மாடிக்குப் போய் ஒவ்வொரு கொக்கியின் தாழையும் அழுத்தி விட்டுப் பாருங்கள். தானாக மூடாத கொக்கி ஒன்று இருந்தாலும் அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள்.