எந்த வருஷத்துத் தொப்பி?

ஸ்டாக்போர்ட், இங்கிலாந்து



நான் குடியிருக்கும் ஊரின் கால்பந்து அணிக்குச் செல்லப் பெயர் 'தொப்பிக்காரர்கள்'. லண்டனுக்கு வடக்கே இருக்கும் லூட்டன் அணிக்கும் அதே பெயர்தான். லூட்டன் வைக்கோல் தொப்பிக்குப் பேர்போனது. எங்கள் ஊர் முயல் ரோமத்தை அமுக்கிச் செய்யும் ஃபெல்ட் தொப்பிக்கு. ஒரு காலத்தில் இங்கே தெருவுக்குத் தெரு தொப்பி வேலை செய்யும் குடும்பங்கள் இருந்தன. இப்போது வெலிங்டன் மில் என்ற பழைய ஆலைக் கட்டடத்தில் ஒரு தொப்பி அருங்காட்சியகம் இருக்கிறது. வேலை போய்விட்டது.

பக்கத்து வீட்டு அம்மையாருக்கு எண்பதைத் தாண்டிய வயது. போன குளிர்காலத்தில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் குடும்பப் படங்களைக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினார். பாதிக்கு மேல் பின்பக்கம் பெயர் இல்லை. எழுதி வைத்திருந்த ஒன்றிரண்டிலும் 'அம்மா', 'மாமா' என்றுதான் இருக்கிறது. யாருடைய அம்மா? எழுதியவருக்குத் தெரிந்திருக்கும்.

முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றுதான் முதலில் எல்லோரும் நினைக்கிறோம். மூக்கு யாரைப் போல, தாடை யாரைப் போல என்று ஒரு மணி நேரம் போகும். ஆனால் சகோதரிகள் இருவர் என்றால் முகம் கைவிட்டுவிடும். அப்போது கொஞ்சம் மேலே பார்க்க வேண்டும். 1860-களில் பெண்கள் தலையில் தாடைக்குக் கீழே நாடா கட்டிய பானெட். 1880-களில் பூந்தொட்டியைக் கவிழ்த்தது போன்ற உயரத் தொப்பி. 1907-இல் லண்டனில் 'மெர்ரி விடோ' இசை நாடகம் சக்கைப்போடு போட்டது; அதில் கதாநாயகி லில்லி எல்ஸி போட்டு வந்த தொப்பியைப் பார்த்த பிறகு விளிம்புகள் தோளைத் தொடும் அகலத்துக்குப் போயின. நீளமான ஊசியைக் கொண்டையில் குத்தினால்தான் நிற்கும். 1920-களில் எல்லாம் சுருங்கி, புருவம் வரை இறங்கும் மணி வடிவம் வந்துவிட்டது.

படத்தின் பின்பக்கமும் பேசும். அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் குடும்பப் படத்தை அஞ்சலட்டையாகவே அச்சிட்டுக் கொடுத்தன. முகவரிக்குப் பாதி, சேதிக்குப் பாதி என்று நடுவே கோடு போட்டிருந்தால் அது 1902-க்குப் பிந்தியது. பிரிட்டனில் அந்த வருஷம்தான் அதற்கு அனுமதி கிடைத்தது.

அம்மையாரின் டின்னில் இருந்த ஒரு படத்தில் இருபது வயது மதிக்கத்தக்க பெண், குடை அளவுக்குத் தொப்பி. பாட்டியா, பாட்டியின் அக்காவா என்று இரண்டு தலைமுறையாக வழக்கு. அந்தத் தொப்பி 1908, 1910 வாக்கில் வந்தது. பாட்டி அப்போது பள்ளிக்கூடப் பெண். பெரும்பாலும் அக்காதான். தீர்ப்பு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. தொப்பியை வைத்து 'இதற்கு முன்னால் இல்லை' என்று சொல்லலாம். 'இதற்குப் பின்னால் இல்லை' என்று சொல்ல முடியாது. ஆலைக் குடும்பத்துப் பெண் வருஷா வருஷம் புதுத் தொப்பி வாங்கவில்லை. பழையதற்குப் புது ரிப்பன் கட்டினாள், பூவை மாற்றினாள். வயதானவர்கள் தங்கள் இளமைக் காலத்துத் தொப்பியையே கடைசி வரை போட்டிருந்தார்கள். இந்தப் பகுதியில் பெந்தெகொஸ்தே திருநாள் வாரத்தில் தேவாலயக் கொடிகளின் பின்னே குழந்தைகள் புத்தாடையில் ஊர்வலம் போவார்கள். நம் தீபாவளிக் காலையைப் போல அக்கம்பக்கத்து வீடுகளில் புதுத்துணியைக் காட்டினால் கையில் காசு விழும். அந்த நாள் படங்களில் மட்டும் தொப்பியின் வருஷமும் படத்தின் வருஷமும் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆண்கள் பக்கம் இவ்வளவு வேகம் இல்லை. உழைப்பாளிக்குத் தட்டைத் தொப்பி, மேஸ்திரிக்கும் குமாஸ்தாவுக்கும் பௌலர். அந்தப் பௌலர் 1849-இல் லண்டனில், வேட்டைக்காட்டுக் காவலர்களின் தலையைத் தாழ்ந்த கிளைகளிடமிருந்து காப்பாற்றப் பிறந்தது. தட்டினால் டொக்கென்று சத்தம் வரும் அந்தக் கெட்டித்தன்மைக்குக் காரணம் அரக்கு. இந்தியக் காடுகளில் பூச்சிகள் சுரந்த அரக்கைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, கரைத்து, ஃபெல்ட்டில் ஊற வைத்தார்கள். துரைமார் தலையில் ஒரு சின்ன அரக்கு மாளிகை.

செய்தவர்களின் படம் அந்த டின்னில் குறைவு. அந்தக் காலத்தில் முயல் தோலின் மேல் பாதரச நைட்ரேட்டைப் பூசித்தான் ரோமத்தை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வைத்தார்கள். பிறகு வெந்நீரிலும் ஆவியிலும் அதைக் கசக்கும்போது பாதரசம் மூச்சில் ஏறும். கை நடுக்கம், ஈறு வீக்கம், பல் உதிர்தல், காரணமில்லாத கோபம், கூச்சம். பாதரசம் கசிந்த கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படங்களில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கனவான்களின் தொப்பி நடுங்கும் கைகளிலிருந்து வந்திருக்கக்கூடும். பெண்கள் உள்ளே தோல் பட்டையும் பட்டு உள்துணியும் தைத்தார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகள் நூறு வருஷம் கழித்து 2022-இல் திறக்கப்பட்டன. அதில் அம்மையாரின் பாட்டி பெயருக்கு நேரே அந்தத் தையல் வேலைதான் எழுதியிருக்கிறது.

இனி பெண்கள் தொப்பியில் செருகிய இறகுக்கு வருகிறேன். எங்கள் ஊரை ஒட்டிய டிட்ஸ்பரியில் 1889-இல் எமிலி வில்லியம்சன் என்ற பெண் தன் வீட்டில் ஒரு சங்கம் தொடங்கினார். உணவுக்காகக் கொல்லப்படாத எந்தப் பறவையின் இறகையும் அணிவதில்லை, நெருப்புக்கோழி மட்டும் விலக்கு என்பது உறுப்பினர்களின் உறுதி. நெருப்புக்கோழியைக் கொல்லாமலே இறகை எடுக்கலாம். வெள்ளைக் கொக்கு அப்படி இல்லை. அதன் முதுகில் மெல்லிய சாமரம் போன்ற இறகு வளர்வது இனப்பெருக்கக் காலத்தில்தான். கூட்டில் குஞ்சுகள் இருக்கும்போது தாயைச் சுட்டார்கள். குஞ்சுகள் பட்டினியில் செத்தன. இந்திய அரசு 1902-இல் இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. பிரிட்டன் இறக்குமதியைத் தடை செய்ய 1921 வரை காத்திருந்தது. நடுவில் கள்ளத்தனமாக மூட்டைகள் வந்துகொண்டுதான் இருந்தன. அதே வெள்ளைக் கொக்குகள் கூடு கட்டும் வேடந்தாங்கலில், பறவைகளைச் சுட வந்தவர்களை ஊர்க்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே எதிர்த்திருக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்லது என்ற கணக்கும் அதில் உண்டு. கணக்கு இருந்தால் என்ன, கொக்கு பிழைத்தது.

இதையெல்லாம் சொன்னதும் அம்மையார் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வந்துவிட்டார். பெரிய பாட்டியின் தொப்பியில் இருப்பது எந்த இறகு? நுனி சுருண்டு, தடித்து, ஒரு பக்கம் வழிந்திருந்தது. கொக்கு இறகென்றால் ஊசி போல விரிந்து நிற்கும். இது நெருப்புக்கோழி என்றேன். அவருக்கு நிம்மதி.

பிறகு தானாகவே இன்னொரு படத்தை என் பக்கம் தள்ளினார். தடித்த அட்டையில் ஒட்டிய, 1880-களின் படம். உயரத் தொப்பியின் பக்கவாட்டில் சிறகு விரித்த முழுப் பறவை, கண்ணும் அலகுமாக.

"இது துணியில் செய்ததாக இருக்குமோ?"

இருக்கலாம் என்றேன். அந்த வருஷங்களில் பாடம் செய்த அசல் பறவையைத்தான் பெரும்பாலும் வைத்தார்கள் என்பதையும் சொன்னேன்.

"அப்படியானால் இவர் என் கணவர் வழி" என்று அந்தப் படத்தை வேறு குவியலில் போட்டார்.