கடனும் செபமும்

செபமென்பது தனிமனிதன் தன் குறைகளை இறைவனிடம் முறையிடுவதே என நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஆயின், இயேசு சீடர்க்குக் கற்பித்த செபத்தில் ‘நான்’ என்ற சொல்லே இல்லை. அப்பமும் மன்னிப்பும் ‘எங்களுக்கு’ என்றே வேண்டப்படுகின்றன. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் மன்னிக்குமாறு கேட்கப்படுவது ‘கடன்’. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லும் செலுத்தவேண்டிய கடனையே குறிக்கும். லூக்கா 11இல் அவ்விடத்தைப் ‘பாவம்’ பிடித்துக்கொள்கிறது; ஆயினும், நாம் மன்னிக்கவேண்டியவனாக அங்கும் கடன்பட்டவனே நிற்கிறான். ஏழாண்டுக்கொருமுறை கடனை விட்டுவிடுமாறு விதித்த உபாகமம் 15ஆம் அதிகாரத்தைக் கேட்டு வளர்ந்த கலிலேயக் குடியானவனுக்கு இது வெறும் உருவகமாகவா பட்டிருக்கும்?

உருவகமாக்கிவிட்டால் கடன் கொடுத்தவர்களுக்கு வசதிதான், எமக்குந்தான். சென்ற ஞாயிறு, எம்மிடம் கடன்பட்ட தச்சுத் தொழிலாளி ஒருவர் எமக்கருகே முழந்தாளிட்டிருந்தார். அவ்வடி வந்ததும் அவர் குரல் தாழ்ந்தது. எமது குரலோ வழக்கம்போல் உரத்தே ஒலித்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, “மாஸ்ரர், வாற மாசம் எப்பிடியும் தந்திடுவன்” என்றார், நாம் கேளாமலே.

“ஆறுதலாய்த் தாருங்கோ” என்றோம். வட்டி வாங்கவில்லை என்ற பெருமை வேறு எமக்கு.

அவர் கையொப்பமிட்டுத் தந்த துண்டு இன்னும் எமது மேசை லாச்சிக்குள் இருக்கிறது.