ஏழு சென்டிமீட்டர்

காலை ஏழு மணிக்குக் கியா பார்ம் சந்தை இன்னும் முழுதாக விழித்திருக்கவில்லை. கடைக்காரர்கள் தார்ப்பாயை விலக்கி, முட்டைக்கோசையும் சோளத்தையும் ஸ்ட்ராபெர்ரிப் பெட்டிகளையும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பனி சாலைக்கு மேல் புகைபோல நகர்ந்தது. சித்தப்பாவின் கடைக்குப் பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. இரண்டும் நண்பர்களிடம் இரவல் வாங்கியவை. அப்பா அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். கை இரண்டும் ஜேக்கெட் பைக்குள்.

"அண்ணே, எதுல ஏறிப் பாக்குறீங்க?" என்றார் சித்தப்பா.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அறுபத்தாறு வயதுக்காரர், மகளிடம் அனுமதி கேட்கும் பார்வை அது. அந்தப் பார்வைக்குக் காரணம் நான்தான்.

ஓய்வு பெற்ற பிறகு அப்பா தம் சேமிப்பில் ஒரு பெரிய மோட்டார் வாங்கினார். உயரமானது, கனமானது, படத்தில் பார்க்க அழகானது. ஒருநாள் ஈப்போவில் பெட்ரோல் நிலையத்தின் சிறு சரிவில் நிறுத்தும்போது அவர் ஊன்றிய கால் தரையைத் தொடவில்லை. வேகமே இல்லை. நின்றுகொண்டிருந்த வண்டி அப்படியே சாய்ந்தது. முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அதை அவரால் தூக்க முடியவில்லை. இரண்டு இளைஞர்கள் ஓடி வந்து தூக்கிக் கொடுத்தார்கள். அன்று மாலையே நான் கோலாலம்பூரிலிருந்து போன் செய்து, "போதும்பா, வித்துடுங்க" என்றேன். அவர் வாதாடவில்லை. விற்றுவிட்டார்.

அதன்பின் எட்டு மாதங்கள் வீட்டில் அமைதி. நல்ல அமைதி என்று நினைத்தேன். பள்ளி விடுமுறையில் போனபோது தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அவருடைய பழைய கணக்குப் புத்தகம் கிடந்தது. திறந்தால் பக்கம் பக்கமாக மோட்டார்களின் பெயர்கள். எடை, இருக்கை உயரம், எஞ்சின் அளவு என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "சுங்கை பாலாஸ், மேல் லயம்."

என் பாட்டி கொழுந்து பறித்த இடம் அது. அப்பா பிறந்த இடமும் அதுதான்.

மலையும் மண் பாதையும்

1885-ல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ்காரரின் பெயரைத்தான் இந்த மலை சுமக்கிறது. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனம், இங்கே காட்டைத் தோட்டமாக்கிய முன்னோடிகளில் ஒன்று. அந்தச் சரிவுகளில் கூடையைத் தலையில் மாட்டி நடந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். இன்று பறிப்பு வேலையில் வங்காளதேசத்து, நேப்பாள, இந்தோனேசிய முகங்களே அதிகம். பெரிய கத்தரியும், இரண்டு பேர் பிடித்து நடக்கும் இயந்திரமும் விரல்களின் இடத்தைப் பிடித்துவிட்டன.

கியா பார்ம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் கம்போங் ராஜா, கோலா தெர்லா, திரிங்காப் தாண்டி இங்கே வரலாம். இன்னும் கொஞ்சம் போனால் பிரிஞ்சாங். விடுமுறை நாளில் சந்தை வாசலில் கார்கள் நகராமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த ஒரு சாலையை விட்டு விலகினால் இது வேறு ஊர். காய்கறித் தோட்டங்களுக்கு இறங்கும் செங்குத்தான சிமெண்டுத் தடங்கள், மழையில் வழுக்கும் செம்மண், பழைய லேண்ட் ரோவர்கள் பதித்த ஆழமான சக்கரக் கோடுகள். சந்தைக்கு அருகிலேயே பிரியும் குறுகலான சாலைதான் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கும், 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் சிகரத்துக்கும் போகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வயதானவருக்கு எந்த மோட்டார் பொருந்தும்? அப்பாவைத் தடுக்கும் எண்ணத்தோடுதான் ஈப்போவிலிருந்து காரை ஓட்டி வந்தேன். வழி முழுதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தைப் படித்த பிறகு, குறைந்தபட்சம் சரியாகச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதல் சோதனை: கால்

நின்ற இரண்டில் ஒன்று காவாசாகி கேஎல்எக்ஸ்150. காட்டுப் பாதைக்கே பிறந்த ஒல்லியான உடம்பு, பெரிய முன்சக்கரம். இன்னொன்று ஹோண்டா சிடி125, ஹண்டர் கப் என்று அழைக்கிறார்களே அது. நம் கப்சாயின் அண்ணன்போல இருக்கும். புகைக்குழாய் மேலே தூக்கிவிடப்பட்டிருக்கும். பின்னால் அகலமான கேரியர்.

அப்பாவின் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே எடைதான் எழுதியிருந்தது: 118 கிலோ. "அப்படின்னா ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டேன்.

"அடுத்த கட்டத்தப் பாரு."

இருக்கை உயரம். ஒன்றில் 870 மில்லிமீட்டர், மற்றதில் 800. வித்தியாசம் ஏழு சென்டிமீட்டர்.

அப்பாவின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். உயரமானதில் உட்கார்ந்தபோது இரண்டு கால்களும் நுனிவிரலில் நின்றன. ஒரு காலை முழுதாக ஊன்ற உடம்பை ஒருபக்கம் சரிக்க வேண்டியிருந்தது. தாழ்ந்ததில் உட்கார்ந்தபோது இரண்டு பாதங்களும் தரையில் பதிந்தன. அவ்வளவுதான். அந்த ஏழு சென்டிமீட்டரில் அவர் முகமே மாறியது.

உயரமான வண்டி கெட்ட வண்டி அல்ல. பாறையும் பள்ளமும் உள்ள இடத்தில் அந்த உயரம்தான் வண்டியின் வயிற்றைக் காப்பாற்றும். இளையவர்களுக்கும் நெட்டையானவர்களுக்கும் அது வரம். ஆனால் வயதானவர்கள் பெரும்பாலும் ஓடும்போது விழுவதைவிட நிற்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். சரிவில் நின்றால், தாழ்ந்த பக்கத்துக் கால் இன்னும் எட்டாமல் போகும். பெட்ரோல் நிலையத்தில் நடந்தது அதுதான். நான் அதை "வயசாயிடுச்சு" என்று படித்தேன். அப்பா அதை "உயரம் பொருந்தல" என்று படித்திருக்கிறார்.

இரண்டாம் சோதனை: தூக்குவது

"விழ வச்சுப் பாக்கணும்" என்றார் அப்பா. கடைக்குப் பின்னால் புல்தரை இருந்தது. நண்பரிடம் போனில் கேட்டுக்கொண்டு, ஹண்டர் கப்பைச் சித்தப்பா மெதுவாகப் படுக்க வைத்தார். எஞ்சின் நிறுத்தியிருந்தது, உருளாமல் இருக்க கியரில் போட்டிருந்தது.

அப்பா குனிந்து இழுக்கவில்லை. இந்த எட்டு மாதத்தில் காணொளி பார்த்துக் கற்ற முறை இது. வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் விளிம்பில் இடுப்பைச் சேர்த்துக் குந்தினார். ஒரு கை தரைப்பக்கம் கிடந்த கைப்பிடியில், மறு கை பின்கேரியரில். முதுகை நேராக வைத்துக் கால்களால் பின்னோக்கிச் சிறு சிறு அடியாகத் தள்ளினார். முதல் முறை பாதியில் நின்றது. இரண்டாம் முறை சித்தப்பா கையை நீட்டினார், அப்பா தலையை ஆட்டினார். மூன்றாம் முறை வண்டி நிமிர்ந்தது.

மூச்சு வாங்கியது அவருக்கு. எனக்கும்தான்.

முதுகுவலி, மூட்டுத் தேய்மானம், இதயக் கோளாறு உள்ளவர்கள் இதை முயல வேண்டாம். முயல்பவர்களும் பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டே செய்யுங்கள். ஆனால் கடைக்குப் போகுமுன் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி இது. யாருமே இல்லாத வளைவில் வண்டி சாய்ந்தால் என்னால் நிமிர்த்த முடியுமா? முடியாதென்றால் இன்னும் இலேசான வண்டியைத் தேட வேண்டும், அல்லது துணையோடு மட்டும் போக வேண்டும்.

மூன்றாம் சோதனை: கை

அப்பாவின் இடது கை விரல்கள் காலையில் மடங்க நேரம் எடுக்கும். சாதாரண கிளட்ச் உள்ள மோட்டாரில், நெரிசலிலும் ஏற்றத்திலும் அந்தக் கைக்கு ஓய்வே கிடையாது. கப்சாயில் கிளட்ச் பிடி இல்லை. காலால் கியர் மாற்றினால் மற்றதை எஞ்சினே பார்த்துக்கொள்ளும். 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பில் இந்த ஏற்பாடு வந்ததற்குக் காரணம், ஒரு கையில் நூடல்ஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டும் கடைப் பையன்கள் என்று சொல்வார்கள். அதன் மலைப்பாதை வாரிசுகளில் ஒன்றான சிடி110-ஐ ஆஸ்திரேலியத் தபால்காரர்கள் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். சிடி125 அதே குடும்பம்.

குறையும் உண்டு. இதன் எஞ்சின் திறன் சுமார் ஒன்பது குதிரைத்திறன்தான். மலை ஏற ஏறக் காற்று மெலிவதால், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு வீதம் எஞ்சின் வலு குறையும். கியா பார்ம் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் பொறுமையாகத்தான் போக வேண்டும். கரடுமுரடான பாறைப் பாதைக்கு இதன் அடிப்பகுதி தாழ்வு. நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே இது சிரமப்படும்.

அப்பா இன்னொன்றையும் புத்தகத்தில் வட்டமிட்டிருந்தார்: யமஹா செரோ. 1985-லிருந்து 2020 வரை ஜப்பானில் வந்த வண்டி. மலை ஆட்டின் பெயர். பின்னாளைய 250-இன் இருக்கை 830 மில்லிமீட்டர், எடை 133 கிலோ. நல்ல நடுவழி. ஆனால் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு உதிரிபாகம் தேடி அலைய இந்த வயதில் பொறுமை இல்லை என்று அவரே அடித்துவிட்டார். நம் நாட்டில் 250 சிசி வரை பி2 உரிமமே போதும். இந்த அளவு வண்டிகளுக்குச் சாலை வரியும் பெரிய சுமையில்லை. ஓய்வூதியக்காரருக்கு அதுவும் ஒரு கணக்கு.

மேல் லயம் வரை

பத்து மணிக்குப் பனி விலகியது. அப்பா ஹண்டர் கப்பில் முன்னே போனார். நானும் சித்தப்பாவும் வேனில் பின்னால். சுங்கை பாலாஸ் சாலையில் எதிரே வேன் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அப்பா ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே ஓரத்தில் நின்றார், இரண்டு காலையும் ஊன்றி. சுற்றிலும் தேயிலைச் சரிவு சீப்பால் வாரியதுபோல் கிடந்தது.

ஒரு வளைவில் இறங்கி நின்றார். தோட்டத்துக்குள் இறங்கும் மண் பாதை அங்கே பிரிந்தது. அவர் காட்டிய திசையில் லயம் எதுவும் தெரியவில்லை. வரிசை வரிசையாகச் செடிகள்தான். "அந்த மரத்துக்குக் கீழதான் பைப்படி. பாட்டி அங்கதான் என்னைக் குளிப்பாட்டுவாங்க. தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்" என்றார்.

பாதையின் குறுக்கே கம்பித் தடுப்பு. அதன் ஓரமாக ஒரு மோட்டார் நுழையும் இடைவெளி இருந்தது. மறுபக்கம் ஈரமான இறக்கம். அவர் உள்ளே போய்விடுவார் என்று பயந்து நான் வேன் கதவைத் திறந்தேன். அப்பா சிறிது நேரம் அந்தச் சரிவையே பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தி, இறங்கி, வண்டியைக் கையாலேயே முன்னும் பின்னும் தள்ளித் திருப்பினார். பழைய வண்டியில் இதை அவரால் செய்திருக்க முடியாது. திருப்ப முடியாதவர்தான் தொடர்ந்து போய் மாட்டிக்கொள்வார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"உள்ள போகலையாப்பா?"

"கேட்டுட்டுத்தான் போகணும். மழை இல்லாத நாளாப் பாத்து நடந்தே போகலாம்."

திரும்பி வந்து கடையில் தேநீர் குடித்தபடி ஒப்பந்தம் பேசினோம். வாங்கும் வண்டி ஈப்போவுக்கு வராது. சித்தப்பா வீட்டிலேயே நிற்கும். அப்பா காரிலோ பேருந்திலோ மலைக்கு வந்து, இங்கே மட்டும் ஓட்டுவார். முதலில் கண் பரிசோதனை, இரத்த அழுத்த மருந்து பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை. மழையிலும் மாலை ஐந்து மணிக்கு மேலும் ஓட்டுவதில்லை. எந்தப் பாதை என்று சித்தப்பாவிடம் சொல்லாமல் கிளம்புவதில்லை. கணுக்காலை மூடும் காலணியும் கையுறையும் நான் வாங்கித் தருவது. அப்பா ஒவ்வொன்றையும் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன்.

வீடு திரும்பும்போது சிம்பாங் பூலாய் இறக்கத்தில் நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். வரும்போது வாயே திறக்காதவர், மூன்றாவது வளைவில் சொன்னார்:

"பிரேக்க விடும்மா. கியரக் குறை."