இரண்டு கோதைகள்

எங்கள் வாசகர் வட்டத்தின் உறுப்பினர் பட்டியலை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஏற்றியபோது, பயனர் பெயர்கள் தமிழிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

முதல் தொல்லை எளிதில் தீர்ந்தது. 2018இல் வந்த 8.0 பதிப்புக்கு முன்புவரை, வேறு குறிமுறை சொல்லாவிட்டால் அம்மென்பொருள் மேற்கு ஐரோப்பிய லத்தீனையே கொள்ளும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள். அவற்றை மூன்று லத்தீன் எழுத்துகளாகப் படித்தால், ககரம் இருந்த இடத்தில் வட்டத்துக்குள் ஆர் என்னும் வணிகப் பதிவுக்குறி வந்து நிற்கும். (நம் ககரத்தை யார் பதிவு செய்துகொண்டார்களோ!)

அடுத்தது அவ்வளவு எளிதாக இல்லை. கோதை என்னும் பெயரில் கவிதை எழுதும் தோழி வேறொரு கணினியிலிருந்து நுழைய முயன்றபோது, அப்படி ஒருவரே இல்லை என்று மறுமொழி வந்தது. திரையில் பெயர் அதேதான். ஆனால் ஒருங்குறியில் 'கோ'வை ஓகாரக் குறி ஒன்றைக் கொண்டும் எழுதலாம். இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டியும் எழுதலாம். முன்னதில் கோதைக்கு 4 குறிகள், பின்னதில் 5. இரண்டும் ஒன்றே என்கிறது ஒருங்குறித் தரம். குறிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்ட எங்கள் தரவுத்தளத்துக்கோ இரண்டு கோதைகள்.

ஆங்கிலத்தில் எழுதிவிடுங்களேன் என்றார் நண்பரொருவர். "அதில் நான் கோடையாகவும் ஆகலாம்" என்று தோழி மறுத்துவிட்டார்.

ஆகவே எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கத் தொடங்கினோம். அப்போது பட்டியலில் இரண்டு சோழன்கள் அகப்பட்டனர். ஒருவரே இருமுறை சேர்ந்திருப்பார் என்றெண்ணித் தொலைபேசியில் விசாரித்தால், மெய்யாகவே இருவர். யார் பெயரை மாற்றிக்கொள்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.